லெச்சுமி அக்காவின் தூக்குச்சட்டி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஆண்டவர் என் வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் கூப்பாடு போட்டுத்தான் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் முதல் காம்பராவில் இருக்கிறேன். கணவர் தவறிவிட்டார். ஒரே மகள் கொழும்பில் கார்மண்ட் தையல் ஆலையில் வேலை செய்கிறாள். போன வருடம் முதுகு வலி தாங்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி கூடை தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் உடனே கொழும்பில் ஒரு வீட்டில் எனக்குச் சமையல் வேலை பார்த்துவிட்டாள். அங்கேயே தங்க வேண்டுமாம். என் கணவர் கண்ணை மூடிய காம்பராவைப் பூட்டிவிட்டு, யார் வீட்டிலோ வேலைக்காரியாகக் கிடக்க எனக்கு மனம் வரவில்லை. டிசம்பரில் நத்தார் வரைக்கும் பொறு, அதற்குள் வழி பிறக்காவிட்டால் வருகிறேன் என்றேன்.

காலையில் இடியப்பமும் சம்பலும் செய்து, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து விற்கத் தொடங்கினேன். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகிற எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித்தான் போனார்கள். ஒருத்தர்கூட நிற்கவில்லை.

பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்காவிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏங்க்கா, என் இடியப்பத்துல வெஷமா வச்சிருக்கேன்?"

அவர் முகத்துக்கு நேரே சொன்னார். "கோயில் திருவிழாப் பொங்கல கொண்டாந்தப்ப வேணாம்னுட்ட. நாங்க குடுக்கிறது ஒனக்கு ஆகாது. நீ அவிக்கிறது மட்டும் எங்களுக்கு ஆகணுமா?"

ஞானஸ்நானம் எடுத்த பிறகு நான் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. மரியாதையாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு படைக்காத பலகாரம்கூட என் வீட்டுப் பக்கம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டீவி, சிரிப்பு, சண்டை. இந்தப் பக்கம் நானும் விற்காத இடியப்பமும். மூன்று வேளையும் அதையே தின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, லயமே வர வேணாம். ஒருத்தர, ஒரே ஒருத்தர அனுப்புங்க." இதுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

ஆள் வரவில்லை. காய்ச்சல்தான் வந்தது. அடை மழை. அடுப்பு மூட்ட எழும்ப முடியவில்லை. ஆண்டவரே, நான் கேட்டது இதுவா என்று கோபித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அப்போது கதவு உடைகிற மாதிரி ஒரு தட்டு.

லெச்சுமி அக்கா நனைந்துகொண்டு நின்றார், கையில் தூக்குச்சட்டியோடு. "ஒன் வீட்டுல பொகையக் காணோமேன்னு வந்தேன். கஞ்சி. சாமிக்கு வச்சது இல்ல, என் அடுப்புல வச்சது. குடி."

குடித்தேன். கஞ்சியில் என் கண்ணீரும் விழுந்தது.

காய்ச்சல் விட்டதும் சட்டியைக் கழுவினேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நம் ஆட்களுக்குக் கை வராது. என்னிடம் இருந்தது இடியப்ப மா ஒன்றுதான். அவித்து, சம்பலோடு சட்டி நிறைய வைத்துக் கொடுத்தேன். அக்கா ஒரு நிமிடம் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தேத்தண்ணி நேரத்தில் கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அதில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் விடியும்போது இஸ்தோப்பில் அந்தப் பெண்களின் பேச்சுச் சத்தம். "ஏய், அடுப்ப மூட்டலையா? பெரட்டுக்கு நேரமாச்சு!" ஸ்தோத்திரம் சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மாவைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

நத்தாருக்கு என்னைக் கூட்டிப்போக வந்த மகள், பெட்டி கட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் திருவினாள்.

இந்த வருடமும் கோயில் திருவிழா வந்தது. அன்று காலை லெச்சுமி அக்கா அதே சட்டியோடு வந்தார். "பொங்கல். தனியா வச்சேன். இன்னும் சாமிக்கு வைக்கல. மொதல்ல ஒனக்கு." நாங்கள் இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தனியாகக் கிடந்து அழுகிறவர்களே, நான் கேட்ட ஒருத்தியை ஆண்டவர் சுவருக்கு அந்தப் பக்கமே வைத்திருந்தார். நீங்களும் அவரிடம் கேளுங்கள். யாராவது தட்டினால், அழுத முகமாக இருந்தாலும் பரவாயில்லை, எழும்பிப் போய்க் கதவைத் திறவுங்கள்.