வீட்டோடு மாப்பிள்ளையும் ஒரு முயலும்

பொங்கலுக்கு வந்த என் மகன் ஒரு ஜாக்கெட்டை மறந்து வைத்துவிட்டு மாட்டுப் பொங்கலன்றே சென்னைக்குப் போய்விட்டான். பச்சையும் பழுப்புமாக இலை இலையாய் அச்சடித்த வேட்டை ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நின்றால் ஆள் நிற்பதே மிருகங்களுக்குத் தெரியாதாம். அவன் வாங்கியது ஊட்டிக்கு இரண்டு நாள் டூர் போவதற்கு. அங்கே தங்கும் விடுதியில் எந்த மிருகத்திடமிருந்து ஒளிந்தான் என்று நான் கேட்கவில்லை. மொத்தம் பதினோரு பாக்கெட் இருந்தது. ஒன்றில் சார்ஜர் ஒயர், இன்னொன்றில் இஞ்சி மிட்டாய், மற்ற ஒன்பதும் காலி.

எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தொப்பை கொஞ்சம் எதிர்ப்புத் தெரிவித்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு செடிக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனவன். சிரிக்காதீர்கள். மூன்று முறை போய், மூன்றாம் முறை முயலோடு திரும்பியவன்.

விருத்தாசலத்தில் குளிரா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு மாதம் குளிர்காலம் உண்டு, அதுவும் காலை எட்டு மணி வரைக்கும்தான். ஆனால் அந்த எட்டு மணிக்குள் ஊரே இமயமலையில் மாட்டிக்கொண்ட மாதிரி நடந்துகொள்ளும். மங்கி குல்லா, காதைச் சுற்றித் துண்டு, அதற்கு மேல் பெண்டாட்டியின் பழைய சால்வை. பத்து மணிக்கு அதே ஆட்கள் ஃபேனுக்குக் கீழே இடம் தேடுவார்கள். நாங்கள் பீங்கான் கம்பெனிக்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேல். சூளைச் சூட்டிலேயே கிடந்து பழகியவர்களுக்கு வெளியே லேசாகக் காற்று அடித்தாலே பல் கிட்டித்துக்கொள்ளும்.

எங்கள் கம்பெனி தொழிற்பேட்டைக்குள் கடைசியில் இருந்தது. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, சீசனுக்குப் பிள்ளையார் என்று எல்லாம் ஒரே சூளையில் வேகும். நான் கிளேஸ் செக்‌ஷன். பளபளப்புப் பூச்சுக்காக, பால் மாதிரி இருக்கும் கிளேஸ் தொட்டியில் சாமானை முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் சூட்டில் கிளேஸ் உருகி, சாமான் சூளைக்குள் இருக்கும் சுடுமண் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். இதுதான் என் படிப்பு, பட்டம் எல்லாம். என் கூட்டாளி கணேசன், அச்சு வார்க்கிற மோல்டு செக்‌ஷன். வாய் மட்டும் எல்லா செக்‌ஷனிலும் வேலை செய்யும். சூளைக்குப் பொறுப்பு பாக்கியநாதன். சூளையிலிருந்து சாமானை இறக்கும்போது விரல்களின் பின்பக்கத்தால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் கழுத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். அவன் "ஆறிடிச்சி" என்று சொன்னால்தான் மற்றவர்கள் கை வைக்கலாம். கம்பெனியில் முதலாளி சொல்லை மீறியவர்கள் உண்டு, அந்தச் சொல்லை மீறியவர்கள் கிடையாது. மீறினால் கையில் கொப்புளத்தோடு நிற்க வேண்டியதுதான்.

பாக்கியநாதனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் லூர்து மேரிக்குக் கருவேப்பிலங்குறிச்சி. மாமனார் சவரிமுத்து கரும்பு போடுகிறவர். ஒரே மகள், அதனால் மருமகனைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையை ஆசையாகச் சொல்ல அவருக்கு வராது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் பத்து பேருக்கு நடுவே சொன்னாராம்: "மாப்ள, ஆம்பள செய்யற வேலயா அது? மண்ணு பெசஞ்சி பொம்ம சுடறது. பேசாம வூட்டோட வந்துடுங்க. கரும்பப் பாத்துக்கலாம்."

பாக்கியநாதன் சாதுவான ஆள். சாதுவான ஆட்களுக்கு ரோஷம் வந்தால் வார்த்தை கணக்கில்லாமல் வந்துவிடும். "பொம்ம சுடறவனும் முயல் அடிப்பான் மாமா" என்றிருக்கிறான். முயலை எதற்கு இழுத்தான் என்று அவனுக்கே தெரியாது. சவரிமுத்து அந்தக் காலத்தில் பெரிய முயல் வேட்டைக்காரர் என்ற பேச்சு மட்டும் காதில் விழுந்திருந்தது. அவர் பிடித்துக்கொண்டார். "சரி. கரிநாளுக்கு உங்க கையால முயல் கொண்டாங்க, நான் வாயத் தொறக்கல. கொண்டு வரலன்னா தை முடியறதுக்குள்ள பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துடணும்."

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளைத்தான் நாங்கள் கரிநாள் என்போம். கறி வேகாமல் எந்த வீட்டு அடுப்பும் எரியக் கூடாத நாள். அதற்கு மூன்று வாரம் இருந்தது. எங்களில் ஒருவனுக்கும் வேட்டை தெரியாது. முயல் அடிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் விஷயத்தில் சட்டம் தன் நேரத்தை வீணாக்கியிருக்காது.

தயாரிப்பு என்று வந்துவிட்டால் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. உண்டிவில்லுக்கு வேப்பங்கவை, சைக்கிள் டியூப் ரப்பர், எல்லாம் ஒரே நாளில் தயார். உருண்டைக்கு மற்றவர்கள் கூழாங்கல் பொறுக்குவார்கள். நாங்கள் பீங்கான் நகரத்துக்காரர்கள், கூழாங்கல்லைத் தொடுவோமா? கணேசன் பியூஸ் கட்டைக்கு வந்த மண்ணில் நாற்பது உருண்டை உருட்டினான், ஒன்றுக்கொன்று கடுகளவு வித்தியாசம் இல்லாமல். நான் என் பங்குக்கு எதையாவது செய்தாக வேண்டுமே. அத்தனையையும் கிளேஸில் முக்கி எடுத்தேன். முயல் மேல் படும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

உருண்டைக்கு அடிப்பக்கம் எது? எதைத் துடைப்பது? தினமும் ஆயிரம் சாமானுக்கு அடி துடைக்கிறவனுக்கு அது தோன்றவே இல்லை. சூளை திறந்தபோது நாற்பதும் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைத் திராட்சைக் குலை மாதிரி பலகையில் உட்கார்ந்திருந்தன. பாக்கியநாதன் விரல்களின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆறிடிச்சி" என்று மட்டும் சொன்னான். என்னைத் திட்டக்கூட இல்லை. உளி வைத்துத் தட்டியதில் ஏழு உருண்டை தேறின. மிச்சம் முப்பத்து மூன்றின் குலை இன்றும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் நவீன சிற்பம் என்று நினைத்துக்கொண்டு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். நான் ஆழமாக யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

முதல் வேட்டை முந்திரிக் காட்டில். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். மங்கி குல்லா போட்டிருந்ததால் ஒருவன் பேசுவது ஒருவனுக்குக் கேட்கவில்லை, அதனால் கத்திக் கத்தி "சத்தம் போடாத" என்று சொல்லிக்கொண்டே போனோம். பனி முந்திரி இலையிலிருந்து கழுத்துக்குள் சொட்டியது. காவல் நாய் டைகரையும் கூட்டிப் போயிருந்தோம். சூளை ஓரத்திலேயே தூங்கி வளர்ந்த நாய். பாதி வழியில் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது. அன்று அறிவோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான். நாங்கள் மூன்று உருண்டைகளை மூன்று முந்திரி மரங்களுக்குத் தானம் செய்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது, மணிமுத்தாற்று மணலில். கணேசன் மண்டியிட்டுத் தடம் பார்த்து, "இப்பதான் போயிருக்குது, ஜோடியாப் போயிருக்குது" என்று அரை மணி நேரம் எங்களை இழுத்துப் போனான். தடத்தின் முடிவில் இரண்டு ஆடுகள் நின்றன. விரல் விறைத்துப்போய் என்னால் உண்டிவில் ரப்பரை இழுக்கவே முடியவில்லை. திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். பாக்கியநாதன் சொன்னான்: "கரும்புத் தோட்டத்துல எனக்கு என்னா தெரியும்? சூள ஒண்ணுதான எனக்குத் தெரியும்." டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். அதுவரை எனக்கு எல்லாமே விளையாட்டாக இருந்தது. அன்றைக்குத்தான் பயமாக இருந்தது.

மூன்றாவது, மாட்டுப் பொங்கலன்று காலை, பெண்ணாடம் ரோட்டுக் கரும்புக் கொல்லைகளில். கரும்புச் சோகை கையைக் கிழித்தது, குளிரில் ரத்தம்கூட வர யோசித்தது. முயலின் வால்கூடக் கண்ணில் படவில்லை. ஆறரைக்கெல்லாம் விட்டுவிட்டோம். லீவு நாள்தான், ஆனால் பொங்கலுக்கு முன்னால் மூட்டிய சூளை ஆறிக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். நாங்களும் கூடப் போனோம். உண்மையான காரணம், சூளைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

சூளைக்குப் பின்பக்கம் உடைந்த சாகர்கள் குவிந்து கிடக்கும். சாமானை உள்ளே அடுக்கிச் சூளைக்குள் வைக்கிற சுடுமண் பெட்டிக்கு எங்கள் ஊரில் சாகர் என்று பெயர். அந்தக் குவியல் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. டைகர் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி, பக்கவாட்டில் சாய்ந்த ஒரு சாகருக்குள் இரண்டு காது தெரிந்தது.

மூன்று வாரமாக நாங்கள் பனியில் தேடியது, எங்கள் சூளைக்குப் பின்னால் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக வந்து போகிறதோ. டைகருக்குத் தெரிந்திருக்கும், அது யாரிடமும் சொல்லவில்லை.

பாக்கியநாதன் மெதுவாக இன்னொரு சாகரை எடுத்து முயல் இருந்த சாகரின் வாயில் வைத்து மூடினான். அவ்வளவுதான் எங்கள் வேட்டை.

கணேசனுக்கு மட்டும் திருப்தி இல்லை. "தொறந்து வுடுப்பா. ஓட வுட்டு அடிக்கணும். உக்காந்திருக்கறத புடிச்சா அதுக்குப் பேரு வேட்டயா?"

"நீ போயி எங்க மாமனார் வூட்ல இருக்கறியா?" என்றான் பாக்கியநாதன்.

கணேசன் அதற்கு மேல் வேட்டை தர்மம் பேசவில்லை. பாக்கியநாதன் துண்டைச் சுற்றி முயலைத் தூக்கினான். துண்டுக்கு மேலேயே அதன் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களை மாதிரியே சூட்டுக்கு வந்து ஒதுங்கிய ஜீவன். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அந்தக் குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரிநாள் காலையில் முயலின் கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். சவரிமுத்து வாசலில் சொந்தக்காரர்கள் ஒரு கும்பலோடு உட்கார்ந்திருந்தார். செத்த முயலைக் கையில் வாங்கித் திருப்பினார். அடிபட்ட இடம் தேடினார், கிடைக்கவில்லை. ரோமத்தைத் தடவினார். உள்ளங்கை முழுக்க வெள்ளை மாவு ஒட்டியது. பீங்கான் மண். எத்தனை முறை உதறினாலும் போகாது, எங்கள் வேட்டியில் கேட்டுப் பாருங்கள். லூர்து மேரி கதவோரம் நின்று புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெடச்சிது மாப்ள?"

பாக்கியநாதனுக்குப் பொய் வராது. "சூளைக்குப் பின்னால மாமா. குளுருக்கு வந்து படுத்திருந்துச்சி. கையாலதான் புடிச்சேன்."

எல்லாம் போச்சு என்று நான் பஸ் நேரத்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சவரிமுத்து உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். சரியாகப் போகவில்லை. மறுபடி துடைத்தார். அப்புறம் மகளைப் பார்த்துச் சொன்னார்: "காட்ல இருக்கறதே சூடு தேடி அங்க போவுது. இவரு எதுக்கு அத வுட்டுட்டு இங்க வரணும்? போயி அம்மியக் கழுவு."

அப்படிப் பிழைத்தது பாக்கியநாதனின் சூளை. அதற்கப்புறம் அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பாக்கியநாதன் வருஷக்கணக்காகச் சாமானைத் தொட்டுத் தொட்டு ஆறிவிட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு விறகுச் சூளை போய் கேஸ் சூளை வந்தது. சுவர் தடிமன், துளி சூடு வெளியே கசியாது, பெரிய முன்னேற்றம் என்றார்கள். டைகருக்குப் பின் வந்த நாய்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் கம்பெனியே மூடப்பட்டது. சூளை நின்ற இடத்தில் இப்போது ஏ.சி. கல்யாண மண்டபம். சித்திரையிலும் உள்ளே உட்காரச் சால்வை வேண்டும். கணேசன் போய்ச் சேர்ந்துவிட்டான், கடைசிவரை அந்த முயலை ஓடவிட்டு அடித்ததாகவே சொல்லிக்கொண்டு.

பாக்கியநாதன் இப்போது கருவேப்பிலங்குறிச்சியில். மாமனார் கரும்பைத்தான் பார்த்துக்கொள்கிறான். கேட்க மாமனார் இல்லாத காலத்தில், தலை நரைத்து, வீட்டோடு மாப்பிள்ளை ஆகியிருக்கிறான்.

இந்தக் கரிநாளுக்கு மகனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். ஒரு பாக்கெட்டுக்காவது வேலை கொடுக்கலாம் என்று அந்த உருண்டைக் குலையைப் போட்டு எடுத்துப் போனேன். பாக்கியநாதன் மங்கி குல்லாவில் உட்கார்ந்திருந்தான். லூர்து மேரி பிராய்லர் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். "கரும்புல முயல் எதுனா வருதா?" என்று கேட்டேன். "இங்க எதுக்கு வருது" என்றான்.

குலையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் உடனே எடுக்கவில்லை. பழைய வழக்கப்படி விரல்களின் பின்பக்கத்தை அதன் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"ஆறிடிச்சிப்பா" என்றான்.