தொட்டியைத் தட்டுகிறவர்

விரலை மடக்கித் தொட்டியில் இரண்டு தட்டு. பிறகு காதைச் சாய்க்கிறார். ‘டொக்’கென்றால் மண் காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றவேண்டும். ‘தொப்’பென்றால் ஈரம் இருக்கிறது, அடுத்த தொட்டி. செடி ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் ஊற்றும் இவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். அங்கே நிஜ டாக்டர் பட்டக்காரர்களே அரை டஜன் பேர்; அவர்களும் இவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஈரம் பார்க்க மிஷின் வாங்கித் தருகிறோம் என்றால், “மிஷினுக்குக் காது கேக்குமா?” என்பார். ஒரு செடி வாடினாலும் மனிதருக்கு அன்று சோறு இறங்காது.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாவின் செடிகள் மூன்று வருடமாக இவர் பொறுப்பில் இருந்தன. கிருமி தாக்கியதும் இலையின் செல்களுக்குள் கால்சியம் குபுகுபுவென்று பாயும். செடிக்கு அதுதான் அபாயச் சேதி. சேதி ஓடும் வழியெல்லாம் கேமராவில் பச்சையாக ஒளிரும்படி அந்தச் செடிகளை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் கிருமியே படாத செடிகளும் ஒளிர்ந்தன! பக்கத்துச் செடி எச்சரித்திருக்கிறது என்று அந்த அம்மா அத்தனை வருட உழைப்பையும் கட்டுரையாக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை கேமரா அறையில் செடித்தட்டை இறக்கி வைத்த ‘டாக்டர்’, கை சும்மா இருக்காமல் ஒரு தொட்டியைத் தட்டினார். திரையில் அந்தச் செடி மட்டும் குப்பென்று ஒளிர்ந்தது. இன்னொரு தொட்டியைத் தட்டினார், அதுவும் ஒளிர்ந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் சற்று முன்னால் தட்டிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வியாழன் காலையில் அம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றார்.

“மேடம், அது பக்கத்துச் செடி சொன்ன சேதி இல்ல. நான் தட்டுன தட்டு.”

“செடியத் தொடாதீங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேனே அண்ணே!”

“செடிய எங்க தொட்டேன்? தொட்டியத்தான தட்டுனேன்!”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. பிறகு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரைக் கேமரா அறைக்கு அழைத்துப்போனார்.

“தட்டுங்கண்ணே, பாக்கலாம்.”

தட்டினார். ஒளி காம்பிலிருந்து நுனி வரை ஓடியது.

“அப்போ இத்தன வருஷமா என்னப் பாத்துத்தான் இதுங்க பயந்துச்சா மேடம்?”

அம்மா நோட்டைத் திறந்தார். “இன்னொரு தடவ அண்ணே. நேரம் குறிக்கணும்.”

அவர் விரலை மடக்கினார். தட்டவில்லை. செடியருகே நன்றாகக் குனிந்து, “நான்தான்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் தட்டினார்.