தூதர் எனக்கு மட்டும் அனுப்பிய பதில்

பொம்மனஹள்ளியில் பஸ்சுக்கு நின்றபடி, வளைகுடாப் போர்ப் பதற்றம் பற்றிய ஆன்லைன் கருத்தரங்கை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி அங்கேதான் வேலை செய்கிறான். "அவனைத் திரும்பி வரச் சொல்லலாமா?" என்று கேள்வி அனுப்பினேன்.

பேசிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தூதர், பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னார்.

அடுத்த நிமிடம் அவரிடமிருந்து எனக்கு மட்டும் தமிழில் ஒரு மெசேஜ்.

"பாஸ்போர்ட்டக் கையிலயே வெச்சுக்கச் சொல்லும்மா."

தம்பியைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

"அது கம்பெனி லாக்கர்ல இருக்குக்கா. சேர்ந்த அன்னிக்கே வாங்கிக்கிட்டாங்க. ஏன், என்னாச்சு?"

"சும்மாதான்டா கேட்டேன்."

கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும் உடனே மெயிலில் வந்துவிட்டது.

அதைக் காட்டினால் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பார்களா? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.