சொட்டு நீலம் போட்ட வெள்ளைக் கவுன்

ஒரு பழைய பாட்டுப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்பதையே இப்போது ஒரு படமாக எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெளியாகிறது. கடலூரில் எங்கள் தெருவில் அந்தப் பழைய படத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் பாடி ஆடிப் பெரியவர்களைச் சேர்த்து வைக்கிற கதை. மொத்தம் ஒன்பது பாட்டு. பண்டிகை நாளில் ஏதாவது ஒரு சேனலில் போட்டால், பார்த்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள்.

எங்கள் வீட்டில் உட்காருவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. அதில் வரும் மழைப்பாட்டை அம்மா பிறந்த ஊரில், அண்ணாமலை நகரை ஒட்டிய ஒரு வயலில் எடுத்தார்கள். வெள்ளைக் கவுன் போட்டுச் சேற்றில் ஆடும் பன்னிரண்டு பிள்ளைகளில் என் அம்மாவும் ஒருத்தி. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மற்றவர்கள் சென்னையிலிருந்து வந்து சிதம்பரத்தில் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதால், வேடிக்கை பார்க்க நின்ற அம்மாவைக் கூப்பிட்டுக் கவுனை மாட்டிவிட்டார்கள். அளவு சரியாக இருந்ததாம்.

முதல் நாள் அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். சாயங்காலம், நாளைக்கும் இதே பாட்டுதான், இப்படியே வா என்று சொல்லிச் சேறான கவுனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். எனக்குப் பெரியம்மா. பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அடுத்தவர் வீட்டுத் துணி ஒரு நாள் நம்மிடம் இருந்தாலும் அதை வெளுத்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பெரியம்மா கவுனைப் பம்புசெட்டுக்கு எடுத்துப் போனாள். சோப்புப் போட்டுக் கசக்கி, சொட்டு நீலத்தில் முக்கி, உலர்த்தினாள். காலையில் சொம்பில் நெருப்புத் துண்டு போட்டு மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் பதினோரு கவுன் சேறோடும், ஒரு கவுன் பளீரென்றும் நின்றன. துணிக்குப் பொறுப்பான ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புதுச் சேற்றை அள்ளிப் பூசிப் பார்த்தார்கள். முந்தின நாள் கறை மாதிரி வரவில்லை. அம்மாவை எல்லோருக்கும் பின்னால் தள்ளி, கையில் ஒரு குடையைக் கொடுத்தார்கள். முதல் நாள் எடுத்ததில் அவள் இருந்த பகுதி படத்தில் சேரவில்லை. இன்றைக்கும் பாட்டில் தெரிவது குடை மட்டும்தான்.

இதைச் சொல்லி அக்காவும் தங்கையும் என் சின்ன வயது முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் வெளியாள் எதிரில் அம்மா இதைச் சொன்னதில்லை. நான் அதைக் கவனித்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் இப்போது அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். எனக்கு எழுத வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. போன வருடம், அந்தப் படப்பிடிப்பில் இருந்தவர்கள் நினைவுகளை எழுதி அனுப்பலாம் என்று புதுப் படத்துக்காரர்கள் இணையத்தில் கேட்டிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்காமல் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நன்றி, பயன்படுத்திக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. பலமுறை எடுத்துப் படித்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் முன்னோட்டம் வந்தது. அதில் ஒரு காட்சி: ஒரு பெண் வெள்ளைக் கவுனை விழுந்து விழுந்து துவைக்கிறாள். அடுத்து தலையில் அடித்துக்கொள்ளும் ஓர் ஆள். அவ்வளவுதான். அம்மா அதைப் பார்த்துவிட்டு உடனே எனக்குப் போன் செய்தாள்.

"நீதான எழுதிப் போட்ட?"

ஆமாம் என்றேன்.

"எழுதனது எழுதிட்ட. அக்காகிட்ட எதையும் ஒளறி வைக்காத."

பெரியம்மா நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் காட்சி அவள் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் எப்போதோ அங்கே ஒருத்தியிடம் சிரிப்பாகச் சொல்லியிருந்த கதைதான் அது. குழாயடியில், "என்னாக்கா, சோப்பு கம்பெனிக்காரன் ஒன்னத் தேடி வரப்போறானாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். தங்கைதான் சினிமாக்காரர்களிடம் சொல்லிவிட்டாள் என்று பெரியம்மா முடிவு செய்து, போனில் அம்மாவைத் திட்டித் தீர்த்தாள். அதிலிருந்து அம்மாவின் போனை எடுப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது பேசிக்கொண்டவர்கள். அம்மா மறுக்கவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லாவிட்டால் இது இப்படியே இறுகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் போனேன்.

"ஒங்கம்மா அனுப்புனாளா?" என்றாள் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா. எழுதிப் போட்டது நான். அம்மாவுக்கு அப்ப தெரியாது."

"என்னா எழுதன? படி."

போனில் இருந்தது. படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற நினைப்பு முதல் பத்தி வரைக்கும் என்னிடம் இருந்தது. துவைத்த இடம் வந்தது. 'கல்வியறிவு இல்லாத அக்கா, தன் அறியாமையால்' என்று எழுதியிருந்தேன். தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றியது. தாண்டவில்லை.

"அறியாமைன்னா யாருக்குடி? எனக்கா?"

போனைத் தாழ்த்தினேன். பெரியம்மாவே தொடர்ந்தாள்.

"அழுக்குத் துணியோட பொண்ண அனுப்பி, அந்தக் குடும்பம் இப்படித்தான்னு அவுங்க பேசவா? அந்த சினிமாக்காரன் வந்து, சேறு இருக்கட்டும், தொவைக்காதீங்கன்னு வெவரம் சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கப்போறேன்? சொல்லாதது அவன். அவன் என்னா படிச்சவனோ." பிறகு குரல் இறங்கியது. "ஒங்கம்மா ஒரு வார்த்த கூட ஒன்ன சொல்லலியே. மூணு வாரமா பழிய சொமந்துக்கினு இருந்திருக்கா பாரு."

என் போனில் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அம்மா எடுத்ததும், "ஏய், ஊமக்கோட்டான்," என்று ஆரம்பித்தாள். மறுமுனையில் அம்மா ஏதோ சொல்ல, இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாசலில் நின்றேன்.

பேசி முடித்து வந்து, "வெள்ளிக்கெழம எத்தினி மணி ஆட்டம்?" என்றாள்.

"வர்றீங்களா? தியேட்டர்ல சிரிப்பாங்க பெரியம்மா."

"சிரிக்கட்டும். நானும் ஒங்கம்மாவும் ஒண்ணா உக்காந்துக்கறோம். நீ தள்ளி உக்காரு."

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. ஆனாலும் விளையாட்டுக்குச் சொன்னதும் இல்லை. பேருந்தில் திரும்பும்போது டிக்கெட் போட்டேன். நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. அதே வரிசையின் ஓரத்தில், சுவரை ஒட்டி ஒன்று.