நலமாக இருந்த ஹெல்மி ரவுத்தியோ

ஹெல்மி ரவுத்தியோவுக்கு வந்துகொண்டிருந்த விபத்து உதவித்தொகை ஒரு பிப்ரவரியில் நின்றுபோனது. உடம்பு தேறிவிட்டதால் அல்ல. நலம் விசாரித்தவருக்கு அவர் மரியாதையாகப் பதில் சொன்னதால்.

மிச்சிகனின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் பாதிப்பேர் பின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள். மீதிப்பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். ஹெல்மி முதல் வகையைச் சேர்ந்த பெண்மணி. மரம் அறுக்கும் ஆலையில் பலகை தரம் பிரிக்கும் வேலை. சங்கிலியில் ஓடிவரும் பலகையை ஒரு பார்வை பார்த்து, ஒரு புரட்டுப் புரட்டி, தரத்துக்கேற்பச் சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்புவார். நவம்பரில் ஒரு நாள் சங்கிலி அவருடைய கையுறையைப் பிடித்துக்கொண்டது. கையுறைக்குள் வலது கையும் இருந்தது.

ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கூடிவிட்டது, முழங்கை மட்டும் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. இன்னொரு அறுவை செய்தால் நீளும், தள்ளிப்போட்டால் ஆயுசுக்கும் அப்படியேதான் என்றார் மருத்துவர். அதற்கான செலவும், வேலைக்குத் திரும்பும்வரை வாராவாரம் காசோலையும் ஆலையின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரவேண்டும் என்பது சட்டம். தந்தார்கள். பிறகுதான் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

கம்பெனி அலுவலகத்திலிருந்து, தேன் போன்ற குரல்.

"எப்படி இருக்கீங்க, மேடம்?"

"நல்லா இருக்கேம்மா. குறை ஒண்ணுமில்ல."

"கை எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

"ராத்திரி தூக்கமெல்லாம்?"

"படுத்தா தூங்க வேண்டியதுதானே."

எங்கள் ஊரில் இந்தக் கேள்விகளுக்கு வேறு பதில் கிடையாது. இதயம் நின்று பிழைத்தவரும் இதைத்தான் சொல்வார். வீடு எரிந்துபோனவரும், தீயணைப்பு வண்டிக்கு வழிவிட்டபடியே, இதைத்தான் சொல்வார். அந்தப் பெண்ணின் ஊரில் பதில்களுக்கு அர்த்தம் உண்டு போலிருக்கிறது. உரையாடல் பதிவானது. காசோலை நின்றது. இரண்டாவது அறுவை அவசியமில்லை என்று கம்பெனி முடிவுகட்டியது.

ஹெல்மி யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் சூடுபண்ணிக்கொண்டு, மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்திவிட்டார். அதையும் சொல்லவில்லை. ஆனால் விடிந்தால் அவர் வாசலில் பனி வாரப்பட்டிருக்கும். கொட்டகையில் பிளந்த விறகு அடுக்கியிருக்கும். செய்தது யார் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இரகசியம் காப்பது சுலபம். எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

வழக்கறிஞர் லொரெட்டா பெனெடெட்டியைக் கூட்டிவந்தது தொழிற்சங்கம். லொரெட்டா இத்தாலியக் குடும்பத்துப் பெண். ஹெல்மியின் சமையலறையில் ஏலக்காய் ரொட்டியும் காபியுமாக ஒத்திகை நடந்தது.

"'வலிக்குது'ன்னு சொல்லுங்க, பாப்போம்."

"எதுக்கும்மா? எலும்பு உடைஞ்சா வலிக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரியாது."

"அப்ப யாராச்சும் எடுத்துச் சொல்லட்டும்."

"அந்த யாராச்சும் நீங்கதான், ஹெல்மி!"

ஹெல்மி இடது கையால் காபி ஊற்றினார். ஊற்றி முடித்து, ஜன்னலைப் பார்த்தபடி, "குளிர் நாள்ல கொஞ்சம் தெரியுது" என்றார்.

"கொஞ்சம் வேணாம். தெரியுதும் வேணாம். எங்க வீட்டுல விரல்ல முள்ளு குத்தினா மூணு தெருவுக்குக் கேக்கும். அதுல பாதி குடுங்க, போதும்."

"பாவம், உங்க பக்கத்து வீட்டுக்காரங்க" என்றார் ஹெல்மி.

சாட்சி தேடியும் லொரெட்டா அலைந்தார். விறகு பிளந்த பக்கத்து வீட்டுக்காரரே, "அவங்க வலிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதில்லையே" என்று சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத ஊரை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று லொரெட்டா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

விசாரணை வசந்தத்தில் வந்தது. வேறு வேலையே இல்லாதவர்களைப் போல முப்பது நாற்பது பேர் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். கம்பெனி வழக்கறிஞர் முதலில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். ஹெல்மியின் குரல் உற்சாகமாக ஒலித்தது. அடுத்து, ஆலையின் மேஸ்திரி வைனோ சால்மெலாவைச் சாட்சிக்கு அழைத்தார்.

"விபத்து நடந்த அன்னிக்கு நீங்க அவங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா."

கம்பெனி வழக்கறிஞர் திருப்தியோடு உட்கார்ந்தார். லொரெட்டா எழுந்தார்.

"அப்படிச் சொன்னப்போ அவங்க கை எங்க இருந்தது, மிஸ்டர் சால்மெலா?"

வைனோ தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "சங்கிலிக்குள்ள."

"எலும்பு?"

"வெளிய தெரிஞ்சுது."

"சங்கிலிய வெட்டி எடுக்கறவரைக்கும் என்ன பேசிட்டிருந்தாங்க?"

"அவ இடத்துல யாரைப் போடலாம்னு யோசனை சொன்னா. புது ஆளு வேணாம், அவனுக்குப் பலகையில இருக்கிற முடிச்சு பாத்துத் தரம் பிரிக்கத் தெரியாதுன்னா. அப்புறம்..." வைனோவின் கழுத்து சிவந்தது. "அழாத வைனோ, பசங்க பாக்கறாங்கன்னா."

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஹெல்மியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. இப்ப, இந்த நிமிஷம், அந்தக் கை வலிக்குதா?"

ஹெல்மி சுவரைப் பார்த்தார். லொரெட்டாவைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த எங்களையெல்லாம், கடன் கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலிக்குது" என்றார்.

சனிக்கிழமைதோறும் ஆவிக்குளியல் கொட்டகையில், ஒட்டுத்துணி இல்லாமல், அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து வேர்த்துக்கொண்டு வானிலை பேசும் ஊர் எங்களுடையது. அந்த ஊர் அன்றைக்கு ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

நடைக்கூடத்தில் ஹெல்மி வைனோவை மடக்கினார்.

"நீ அழுதத நான் ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. ஊரைக் கூட்டி வச்சு நீயே சொல்லிட்டியே!"

"சத்தியம் வாங்கிட்டாங்களே ஹெல்மி, நான் என்ன பண்ணட்டும்?"

"கண்ணுல தூசு விழுந்ததுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. மர ஆலைதானே அது!"

தீர்ப்பு ஹெல்மிக்குச் சாதகமாக வந்தது. நிலுவை வந்தது, அறுவையும் நடந்தது. தாமதத்துக்கு அபராதமாகக் கொஞ்சம் நீளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கை நீண்டது. முழுக்க நீளவில்லை, பலகை புரட்டும் அளவுக்கு நீண்டது. இலையுதிர்காலத்தில் ஹெல்மி சங்கிலிக்குப் பக்கத்தில் மறுபடி நின்றார். முதல் நாளே அந்தப் புது ஆள் கோடு போட்ட அடுக்கைக் கலைத்து, பாதியைத் தரம் இறக்கினார்.