ஆடுகளத்தில் வசந்தகுமாரி

வசந்தகுமாரி கல்யாணமாகி ஆவடிக்கு வந்தது 1969இல். கணவர் தேவராஜ் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் பூப்பந்து ஆடியவள் அவள். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஆண்கள் ஆடுவதை, பால் வாங்கப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பாள்.

அங்கிருந்த மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர் பக்தவத்சலம், பக்கத்துப் பாடி ஊர்க்காரர். மன்றத்துக்கு எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. கேட்டால் இங்கிலாந்தைக் காட்டுவார். நமக்கு இருப்பதுபோல் அரசியல் சட்டம் என்று ஒரு புத்தகம் அங்கே இல்லை, வழக்கத்திலேயே நாடு ஓடுகிறது என்பார். பொங்கல் விழாவிலும் இதையே நீட்டி முழக்கினார்.

மறுநாள் மாலை வசந்தகுமாரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையோடு களத்தில் போய் நின்றாள்.

"பொம்பளைங்க ஆட்ற வழக்கம் இல்லம்மா" என்றார் பக்தவத்சலம்.

"ஆடக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, அண்ணாச்சி?"

பக்தவத்சலம் களத்தைவிட்டு ஒதுங்கினார். தேவராஜ் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். அன்று அவள் ஆடினாள். கொஞ்ச நாளில் பக்தவத்சலத்தின் மனைவி தாட்சாயிணி உட்படப் பெண்களே ஓர் அணி சேர்ந்துவிட்டார்கள். ஆண்களுக்குக் களம் கிடைப்பது அரிதானது.

பக்தவத்சலம் கட்சி மாறினார். எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று பொதுக்கூட்டம் கூட்டினார். ஆண்களே உறுப்பினர் என்பது அவர் நினைத்திருந்த முதல் விதி.

வசந்தகுமாரிக்குப் பயம்தான். எழுதாததால் உள்ளே வந்தோம், எழுதினால் வெளியே போய்விடுவோமே என்று தேவராஜிடம் புலம்பினாள். ஆனால் எழுதாமல் விட்டால், நாளைக்கு இன்னொருவர் வந்து வழக்கம் இல்லை என்று கிளம்பமாட்டாரா? யோசித்து யோசித்து, கூட்டத்தில் எழுந்தாள்.

"எழுதுங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. எழுதுதப்ப நாங்களும் கை தூக்குவோம்."

யாருக்கு ஓட்டு உண்டு என்பதும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் தாட்சாயிணி கையைத் தூக்கிவிட்டாள். மற்ற பெண்களும் தூக்கினார்கள். கூடமே சிரித்தது.

"ஊட்லயே எனக்கு மெஜாரிட்டி இல்ல மாமே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, குடியிருப்போர் எல்லோரும் உறுப்பினர் என்று அவரே எழுதினார்.

அடுத்தடுத்த வருஷங்களில் வசந்தகுமாரியே செயலாளரானாள். ஆட்ட நேரத்தைக் கொஞ்சம் மாற்றுவதென்றாலும் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும் என்று விதியில் இருந்தது. அலுத்துக்கொள்வாள், கூட்டவும் செய்வாள். பூந்தமல்லிப் போட்டிக்கு அணியை அழைத்துப்போனாள்; முதல் சுற்றிலேயே தோற்றார்கள். திரும்பும் பஸ்ஸில், யார் தவறவிட்ட பந்து என்று ஆவடி வரும்வரை உற்சாகமாகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.