கனகாவின் ஸ்பேஸ்பார்

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் முதலாளி என்னை டிசைனில் வைக்காமல் சேல்ஸில் போட்டிருப்பார். இது போன ஆடிப்பூரத்தன்று, ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனியில், பட்டப்பகலில் நடந்தது.

ஸ்பின்னிங் மில் மெஷின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்கிறோம். டிசைன் பிரிவில் நானும் என் மனைவி கனகலட்சுமியும் பக்கத்துப் பக்கத்து சீட். தை மாதம் டெங்குவில் போய்விட்டாள். ஆனியில் கம்பெனி புது சாஃப்ட்வேருக்கு மாறியது. பழையதில் கோடு, வட்டம் எதற்கும் ஓர் எழுத்தைத் தட்டி ஸ்பேஸ்பாரை அடிக்க வேண்டும். புதியதில் எல்லாம் மவுஸ்தான். ரூமே ஊமையாகிவிட்டது.

எல்லா கம்ப்யூட்டரிலும் பழசை அழித்தாயிற்று. கனகாவுடையதில் மட்டும் நான் கை வைக்க விடவில்லை. அவள் பாதியில் விட்ட டிராயிங் ஒன்று அதில்தான் திறக்கும்.

“இன்னிக்காவது எடுத்துருங்க ஜெயபாண்டி. நாளைக்கு அந்த சீட்டுக்குப் புது ஆள் வருது,” என்றார் முதலாளி.

எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் தேர் இழுக்கப் போய்விட்டார்கள். யாரும் பார்க்காமல் அழுதுகொண்டே அழிக்கலாம் என்று நான் மட்டும் தங்கினேன்.

மணி ஒன்றே கால். ‘நீக்கவா?’ என்று கேட்டது. ஆம் கொடுத்தேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

டக்.

அவள் கீபோர்டு. என் கை இரண்டும் மடியில் இருந்தன.

டக்... டக்டக்.

கனகா இப்படித்தான் அடிப்பாள். “ஏட்டி, மெதுவாத் தட்டு, உடைஞ்சிரப் போவுது” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

ஸ்பேஸ்பார் அமுங்கி எழுவதைக் கண்ணால் பார்த்தேன்.

“கனகா?”

டக்டக்டக்டக்...

கோடு பாதி தாண்டியது. நிறுத்த ஒரு கிளிக் போதும். கை வரவில்லை. கட்டின பொண்டாட்டிக்குப் போய்ப் பயந்தேன். சீ...

டக்டக்டக்...

கோடு நிறைந்தது.

சத்தமில்லை.

சாயங்காலம், தேர் இழுத்த கையோடு காளிராஜ் வந்தான். எங்கள் டீமில் இளையவன். உளறியபடி சொன்னேன். அவன் திடுக்கிடவே இல்லை.

“அது தினமும் கேக்கும்ணே. நீங்க மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போன பொறவு. மதினிதான்னு எல்லாருக்கும் தெரியும். சொன்னா தாங்க மாட்டியன்னு விட்டுட்டோம்.”

“எப்ப இருந்துலே?”

“அவிய காரியம் முடிஞ்ச மறுநாள்ல இருந்துண்ணே.”

அத்தனை மத்தியானமும் நான் வீட்டில் அவள் போட்டோ முன்னால் தட்டை வைத்துக்கொண்டு, ‘ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போ’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் பக்கத்து சீட்டில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது சாப்பாட்டை கம்பெனிக்கே கொண்டுவந்துவிடுகிறேன். இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை.